ஓடும்போதே கழற்றுங்கள்

பீளமேட்டில் ஹோப் காலேஜ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே தள்ளி என் பட்டறை. ஹோப் காலேஜில் காலேஜ் எங்கே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய அந்தக் கல்லூரி அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகி, தடாகம் ரோட்டுக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. இங்கே மிச்சம் இருப்பது பஸ் ஸ்டாப்பின் பெயர்தான். மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் லேத்துமாகச் சுற்றிலும் இரும்பு சுழன்றுகொண்டே இருக்கும் இந்த வட்டாரத்தில், என் மேஜைக்கு வருபவை சுழலாத சாமான்கள்: ஆசிலோஸ்கோப், மல்டிமீட்டர், சிக்னல் ஜெனரேட்டர், ஸ்பெக்ட்ரம் அனலைசர். பெரும்பாலும் 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் வாங்கப்பட்டவை. எச்பி கருவி என்றால் பின்பக்கம் ப்ளூ ஸ்டார் ஸ்டிக்கர் இருக்கும். டெக்ட்ரானிக்ஸ் என்றால் ஹிண்டிட்ரான். அன்றைக்கு இந்தியாவில் அவர்கள் மூலமாகத்தான் அவை வந்தன. அந்த ஸ்டிக்கரைப் பார்த்தாலே இது ஒரு ஆய்வுக்கூடம் வரவுசெலவுத் திட்டம் போட்டு, கமிட்டி கூடி வாங்கிய பொருள் என்று தெரிந்துவிடும்.

இவற்றில் வரும் பழுதுகளில் முக்கால்வாசி எனக்குக் கவலை தராதவை. பவர் சப்ளையில் கெபாசிட்டர் வீங்கியிருக்கும், ஃபேன் இறுகியிருக்கும், சுவிட்சில் பச்சை பூத்திருக்கும். மாற்றினால் தீர்ந்தது. கவலை தருவது ஒன்றே ஒன்று. கருவி ஆன் ஆகும், திரை வரும், எல்லாப் பட்டனும் வேலை செய்யும், ஆனால் தன்னைப் பற்றி அது தெரிந்துவைத்திருந்த எண்கள் மட்டும் போயிருக்கும்.

அதற்கு முந்தைய தலைமுறைக் கருவிகளில் கேலிப்ரேஷன் என்றால் உள்ளே இருக்கும் டிரிம்மர்களை ஸ்க்ரூ டிரைவரால் திருகி, சரியான இடத்தில் வந்ததும் ஒரு சொட்டு அரக்குச் சாயம் வைத்து விடுவது. மைக்ரோபிராசசர் வந்த பிறகு மூடியைத் திறக்கவே வேண்டாம் என்றார்கள். துல்லியமான பத்து வோல்ட்டை முனையில் கொடுத்தால், தான் காட்டுவதற்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவியே கணக்கிட்டு நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். அந்த எண்கள் அந்த ஒரு கருவிக்கு மட்டும் பொருந்துபவை. அதே மாடலில் பக்கத்து மேஜைக் கருவியின் எண்களை எடுத்து இதில் ஏற்றினால், அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்ட கதைதான். எல்லாம் தெரியும், எதுவும் சரியாகத் தெரியாது.

கரண்ட் போன பிறகும் அந்த எண்கள் எங்காவது நிற்க வேண்டுமே? இன்றைய ஃப்ளாஷ் மெமரி அப்போது கைக்கு வரவில்லை. ஈஈபிராம் இருந்தது, ஆனால் கொள்ளளவு சிறியது, எழுதுவதற்கு மெதுவானது, எழுதும் தடவைகளுக்கும் வரம்பு. அதனால் வடிவமைப்பாளர்கள் சாதாரண ஸ்டாட்டிக் ராம் ஒன்றை எடுத்து அதற்கு லித்தியம் செல் ஒன்றைக் காவலுக்கு வைத்தார்கள். சிலர் செல்லைத் தனியாக போர்டில் பற்றவைத்தார்கள். மற்றவர்கள் டல்லாஸ் செமிகண்டக்டர் கம்பெனியின் கறுப்புக் கட்டியை வாங்கிப் போட்டார்கள்.

அந்தக் கட்டியை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. டிஎஸ்1225 என்று மேலே அச்சிட்டிருக்கும். 28 கால்கள், சாதாரண சிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரம். உள்ளே 8,192 பைட் கொண்ட ராம், ஒரு காவல் சர்க்யூட், லித்தியம் செல் மூன்றையும் வைத்து எபாக்சி ஊற்றி அடைத்திருப்பார்கள். ஐந்து வோல்ட் சப்ளை நாலரைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் காவல் சர்க்யூட் எழுதும் வழியை அடைத்துவிடும். இன்னும் இறங்கி மூன்று வோல்ட் பக்கம் வந்ததும் ராமை செல்லுக்கு மாற்றிவிடும். மின்சாரம் தடுமாறும் அந்தச் சில மில்லிசெகண்டில்தான் குப்பை எழுதப்படும் ஆபத்து அதிகம் என்பதால், இந்தக் காவல் செல்லைவிட முக்கியமானது. நல்ல வடிவமைப்பு என்றே இன்றும் சொல்வேன். 1984இல் தொடங்கிய அந்தக் கம்பெனியை 2001இல் மேக்சிம் வாங்கியது, மேக்சிமை 2021இல் அனலாக் டிவைசஸ் வாங்கியது. கட்டி மட்டும் அப்படியே கருவிகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

எத்தனை வருஷம் தாங்கும்? டேட்டா ஷீட் சொல்வது, 25 டிகிரியில் குறைந்தது 10 ஆண்டு. நான் பார்த்தவை இருபது, இருபத்தைந்து என்று இழுத்திருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது. ஆனால் பெரிய காரணம் வேறு. கருவி ஆனில் இருக்கும்போது ராமுக்கு மெயின் சப்ளையிலிருந்து கரண்ட் போகும், செல் ஓய்வில் இருக்கும். தினமும் ஓடிய கருவியில் செல் தாக்குப்பிடிக்கும். விலை உயர்ந்தது, பையன்கள் கெடுத்துவிடுவார்கள் என்று பீரோவில் வைத்துப் பூட்டிய கருவிதான் முதலில் எண்களை இழக்கும். கல்லூரிகளில் இது மாறாமல் நடக்கிறது.

இன்னொரு சங்கடம், செல்லில் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து அளக்க வழியில்லை. 28 கால்களில் எதிலும் செல்லின் வோல்டேஜ் வராது. கட்டியின் முதுகில் இருக்கும் நான்கு இலக்கத் தேதிக் குறியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 9018 என்றால் 1990ஆம் ஆண்டின் 18ஆம் வாரம். அந்த எண்ணைப் படித்ததும் அடுத்து நான் கருவியின் சொந்தக்காரரிடம் பேசுவேன். இந்தத் தொழிலில் சோல்டரிங்கைவிடக் கஷ்டமான பகுதி அந்தப் பேச்சு.

மோட்டார் டெஸ்டிங் நடத்தும் ஒருவர், ஃபேன் சத்தம் போடுகிறது என்று டெக்ட்ரானிக்ஸ் 2465பி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நானூறு மெகாஹெர்ட்ஸ், நாலு சேனல். அனலாக் ஸ்கோப்புகளில் அதற்கு மேல் நான் ஆசைப்பட்டதில்லை. தேதிக் குறியைக் காட்டி, இதையும் மாற்றிவிடலாம் என்றேன்.

"ஏனுங்ணா, நல்லாத்தான ஓடிட்டு இருக்குது. அதைய எதுக்குங்க கழட்டோணும்?"

"ஓடறப்பக் கழட்டுனாத்தான் தம்பி உள்ள இருக்கறது நம்ம கைக்குக் கிடைக்கும்."

"போச்சுதுன்னா அப்பப் பாத்துக்கலாமுங்க."

இதே மூன்று வரிகளை மில்காரர்களிடமும் பேராசிரியர்களிடமும் ஏலத்தில் எடுத்து விற்பவர்களிடமும் பேசியிருக்கிறேன். மற்ற எந்தப் பழுதுக்கும் அவர் சொன்னது சரிதான். ஃபேன் போனால் ஃபேன் மாற்றலாம். இது போனால் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்காது, ஏனென்றால் போனது பொருளே அல்ல. 2465பியை முதலிலிருந்து கேலிப்ரேட் செய்ய டெக்ட்ரானிக்ஸ் கேட்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் தெரியும். பிஜி506, எஸ்ஜி503, டிஜி501 என்று எல்லாம் அந்த ஸ்கோப்பைவிடப் பழைய தலைமுறை. அவற்றில் நல்ல நிலையில் ஒரு முழு செட்டைக் கோயமுத்தூரில் நான் கண்டதில்லை.

இதைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொள்பவர்கள் சிஎன்சி மெஷின் வைத்திருப்பவர்கள். ஃபானுக் கன்ட்ரோலில் பேட்டரி இறங்கி பாராமீட்டர் போனால் என்ன ஆகும் என்பது கணபதியிலும் சிட்கோவிலும் சின்ன ஒர்க்ஷாப் வைத்திருப்பவருக்கும் தெரியும். பழைய ஃபானுக் ஜீரோ சீரிஸில் மூன்று டார்ச் லைட் செல் போடுவார்கள்; மாற்றும்போது மெஷின் ஆனில் இருக்க வேண்டும் என்பது அங்கே ஹெல்ப்பருக்குக்கூடப் பாடம். கேபினட் கதவின் உட்பக்கம் பாராமீட்டர் பட்டியல் ஒட்டியிருக்கும். லேத்துக்கு இருக்கும் இந்த மரியாதை அளக்கும் கருவிக்கு ஏன் இல்லை என்று யோசித்திருக்கிறேன். லேத் நின்றால் அன்றைக்கே பணம் நிற்கிறது. ஸ்கோப் பொய் சொன்னால் யாருக்கும் உடனே தெரிவதில்லை.

அந்த மோட்டார்க்காரர் கடைசியில் சம்மதித்தார். அந்த ஸ்கோப்பில் வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

முதல் வேலைக்கு ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். 2465பியில் முன்பக்கப் பட்டன்களை அழுத்தியே சர்வீஸ் மெனுவுக்குள் போய், எக்சர்சைஸ் 02 என்பதைத் தேர்ந்தெடுத்தால், நினைவகத்தில் உள்ள எண்களை ஒவ்வொரு முகவரியாகத் திரையில் காட்டும். நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அலுப்பான வேலை; ஃபோனில் வீடியோ எடுத்துவிட்டு பிறகு உட்கார்ந்து எழுதலாம். அடுத்து நடப்பது எல்லாம் சொதப்பினாலும் இந்த நோட்டு கையில் இருக்கும்.

பிறகுதான் கன்ட்ரோல் போர்டை வெளியே எடுப்பது. பிந்தைய 2465பி போர்டுகளில் டல்லாஸ் கட்டிக்குப் பக்கத்தில் சின்ன சர்ஃபேஸ் மவுண்ட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் இருக்கும். இவை வயதானால் ஒழுகும். ஒழுகிய திரவம் தாமிரத் தடங்களைத் தின்னும். சோல்டரிங் முனை பட்டதும் மீன் கருகிய வாடை வந்தால், ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். அந்த வாடைக்காகவே ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் உட்காருவேன். கட்டிக்காகத் திறந்த போர்டில் இந்தக் கெபாசிட்டர்களையும் மாற்றி, இடத்தைக் கழுவித் துடைக்காமல் மூடுவது பாதி வேலை.

கட்டி போர்டில் நேராகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்றும்போது அவசரம் கூடாது. கிரவுண்டு காலும் சப்ளை காலும் அகலமான தாமிரத்தோடு சேர்ந்திருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும். அங்கே புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கி, பிறகு உறிஞ்ச வேண்டும். நெம்பினால் துளையின் உள்வளையம் கட்டியோடு சேர்ந்து வந்துவிடும். கழற்றிய இடத்தில் ஒரு நல்ல சாக்கெட் போடுவேன், அடுத்து வருபவனுக்கு இந்தப் பாடு இருக்கக் கூடாது என்று.

கழற்றிய கட்டியைப் புரோகிராமரில் வைத்துப் படிப்பதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். இப்போது டிஎல்866 போன்ற கைக்கடக்கமான புரோகிராமர்கள் எல்லார் மேஜையிலும் இருக்கின்றன. மெனுவில் டல்லாஸ் பெயர் தென்படவில்லை என்றால், கால் எண்ணிக்கை ஒன்றுதானே என்று ஏதாவது ஒரு ஈபிராம் பெயரைத் தேர்ந்தெடுத்து 'ரீட்' அழுத்துகிறார்கள். படிக்கத்தானே போகிறோம், என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. டிஎஸ்1225, டிஎஸ்1230 இரண்டிலும் 27ஆவது கால், எழுதச் சொல்லும் கால். அது தாழ்ந்தால் ராம் எழுதும். 27256 என்ற ஈபிராமில் அதே 27ஆவது கால் ஒரு முகவரிக் கோடு. அந்தப் பெயரில் படித்தால், புரோகிராமர் முகவரிகளின் முதல் பாதியைக் கடக்கும் நேரம் முழுக்க அந்தக் கால் தாழ்ந்தே இருக்கும். நீங்கள் படிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது ராம் குப்பையை எழுதிக்கொண்டிருக்கும். இதற்கு மேல், சிப்பின் அடையாளத்தைச் சரிபார்க்கும் வசதி ஆனில் இருந்தால், ஈபிராம் வழக்கப்படி ஒரு முகவரிக் காலில் 12 வோல்ட் ஏறும். ஐந்து வோல்ட் ராம் அதைத் தாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே சரியான பெயர், அடையாளச் சோதனை ஆஃப், கட்டி சாக்கெட்டில் ஒரு கால் தள்ளி உட்காரவில்லை என்று விரலால் தடவிப் பார்ப்பது, அதன் பிறகே ரீட். மூன்று முறை படித்து மூன்று கோப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். நோட்டில் எழுதிய எண்கள் கோப்பில் தென்படுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மெனுவில் 'ராம் டெஸ்ட்' என்று ஒன்று இருக்கும். அதன் பக்கமே கை போகக் கூடாது, அது எழுதிப் பார்த்துத்தான் சோதிக்கும்.

எண்கள் கைக்கு வந்துவிட்டன. அவற்றை எதில் வைப்பது என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி.

புது டல்லாஸ் கட்டி வாங்கிப் போடுவது சுலபம், கிடைத்தால். ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, ஸ்கிராப் போர்டிலிருந்து கழற்றி, முதுகைத் தேய்த்து, புதுத் தேதி அடித்தவை. உள்ளே செல் எப்போதோ முடிந்திருக்கும். நான் வாங்கியதும் ஒரு கோப்பை எழுதி, வெளியே எடுத்து, ராத்திரி முழுக்க மேஜையில் கிடக்கவிட்டுக் காலையில் படித்துப் பார்ப்பேன். செத்த கட்டி அதிலேயே மாட்டிக்கொள்ளும். சாகக் கிடக்கும் கட்டி மாட்டாது. அதனால் நம்பகமான விநியோகஸ்தரிடம் அன்றி வாங்காதீர்கள் என்பேன், விலை கேட்டு மலைத்தாலும்.

இரண்டாவது கட்சி, பழைய கட்டியையே அறுத்து வெளியே செல் வைப்பவர்கள். பிசி போர்டுகளில் வந்த டிஎஸ்12887 கடிகார சிப்புக்கு இது சரியாக வரும். 16ஆம் காலும் 20ஆம் காலும் இருக்க வேண்டிய இடத்தில் பக்கவாட்டு எபாக்சியைத் தேய்த்தால் உள் செல்லின் இரண்டு முனையும் தெரியும். அவற்றைத் துண்டித்து சிஆர்2032 ஒன்றை இணைத்துவிடலாம். மில்களின் டெஸ்டிங் கருவிகளோடு வந்த பழைய கம்ப்யூட்டர்களில் இந்தக் கைவேலையை நிறையச் செய்திருக்கிறேன். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், தேய்ப்பதற்கா பஞ்சம். ஆனால் கேலிப்ரேஷன் இருக்கும் கட்டியில் இதைச் செய்ய மாட்டேன். தேய்க்கும் கல் ஒரு மில்லிமீட்டர் தவறினால் போதும்.

மூன்றாவது எஃப்ராம். பேட்டரியே வேண்டாத நினைவகம். ராம்ட்ரான் கம்பெனியின் எஃப்எம்1608 கால்வரிசையும் ஏறக்குறைய ஒத்துப்போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எஃப்ராம் தன் தேர்வுக் கால் தாழும் அந்தக் கணத்தில்தான் முகவரியைப் பிடித்துக்கொள்ளும். தேர்வுக் காலைத் தாழ்த்தியே வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றும் சர்க்யூட்டில், முதல் முகவரியையே திரும்பத் திரும்பக் காட்டும். ஒரு மாடலில் வேலை செய்தது என்பதற்காக இன்னொன்றில் போடக் கூடாது. ஸ்கோப்பை வைத்து அந்தக் காலின் அசைவைப் பார்த்த பிறகே போடலாம்.

நான் விரும்புவது நான்காவது. கட்டியின் கால்வரிசையிலேயே ஒரு சின்ன போர்டு. அதில் குறைந்த கரண்ட் ராம், அதே டல்லாஸின் டிஎஸ்1210 காவல் சிப், ஒரு ஹோல்டரில் சிஆர்2032. நல்ல ராம் சும்மா இருக்கும்போது இழுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவு. செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. வகுத்தால் 25 வருஷம் வரும். செல்லின் சொந்த இறக்கத்தைக் கழித்து, பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்று என்று மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டிவிடுவேன். செல்லை வெளியிலிருந்து அளக்கலாம், கருவி ஆனில் இருக்கும்போதே மாற்றலாம். உயரம் இடிக்கிறதா என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டி இல்லாமல் தனி செல் வைத்த கருவிகளில் வித்தை வேறு. எச்பி 3478ஏ மல்டிமீட்டர் நம் கல்லூரிகளில் இன்றும் கிடக்கிறது. அதன் கேலிப்ரேஷன் நினைவகம் மிகச் சிறியது: 256 இடம், ஒவ்வொன்றிலும் நாலு பிட். பின்பக்க ஜிபிஐபி கேபிள் வழியாக, டபிள்யூ என்ற எழுத்தோடு முகவரியை அனுப்பினால் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடும். செல் மாற்றும்போது ராமுக்கு ஒரு நொடிகூட கரண்ட் நிற்கக் கூடாது என்பதால், இரண்டு பென்சில் செல்லை ஷாட்கி டையோடு வழியாக இணையாகக் கொடுத்துவிட்டுத்தான் பழைய செல்லில் கை வைப்பது. அப்போதும் ஓர் எதிரி உண்டு, சோல்டரிங் அயர்ன். நம் பட்டறைகளில் எர்த்திங் இருக்கும் லட்சணத்துக்கு அயர்ன் முனையில் லீக்கேஜ் இல்லாமல் இருந்தால் அதிசயம். அயர்ன் சூடானதும் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இருக்கும் சூட்டில் ஒரு காலைப் பற்றவைத்து, திரும்ப மாட்டிச் சூடேற்றி அடுத்த காலுக்குப் போக வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கும் பையன்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

எட்டரை இலக்க எச்பி 3458ஏ மட்டும் தனி ஜாதி. 1989இல் வந்த கருவி, கேலிப்ரேஷன் கூடங்களே அதை மூல அளவாக வைத்திருக்கின்றன. அதில் மூன்று டல்லாஸ் கட்டிகள். 24 கால் கொண்ட டிஎஸ்1220இல்தான் கேலிப்ரேஷன் எண்கள், மற்ற இரண்டு பெரிய கட்டிகளில் செட்டிங்கும் புரோகிராமும். எது எது என்று தெரியாமல் மூன்றையும் ஒன்றாகக் கழற்றி ஒரே டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். கால் எண்ணிக்கை வித்தியாசம் காப்பாற்றியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எண்களை அப்படியே புது சிப்புக்கு மாற்றினால் கருவி முன்பு காட்டியதையே காட்டும். அதற்காகப் பழைய சான்றிதழ் செல்லும் என்று ஆகாது. மூடியின் சீல் உடைந்தது உடைந்ததுதான். என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற கூடத்தில் கொடுத்துச் சரிபார்த்துப் புதுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பில்லிலேயே எழுதிவிடுவேன். சரிபார்ப்பது வேறு, முதலிலிருந்து கேலிப்ரேட் செய்வது வேறு. செலவிலும் இரண்டுக்கும் நிறைய தூரம்.

ஆய்வுக்கூடப் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் பீரோவைத் திறந்து, 2000க்கு முன் வாங்கிய கருவிகளை ஒவ்வொன்றாக ஆன் செய்து பாருங்கள். பிழை எதுவும் காட்டாத கருவிகளின் பட்டியலை முதலில் எழுதுங்கள், அவசரம் அவற்றுக்குத்தான். எண்களைப் படித்து எடுத்ததும் கோப்பின் ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டுக் கருவியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். இன்னொன்றின் விவரத்தைக் கருவியின் சீரியல் நம்பரோடு சேர்த்து ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றுங்கள். கருவிக்கு ரெஜிஸ்டரில் ஒரு வரி இருக்கிறது. அதன் எண்களுக்கும் ஒரு வரி இருக்கட்டும்.